கதவிடமும் ஊரைக் கேளுங்கள்

பழைய தூணும் கதவும் அண்டாவும் ஆட்டுக்கல்லும் வாங்கி வீட்டையும் தோட்டத்தையும் அழகுபடுத்தும் அன்பர்களுக்கும், அவற்றைத் தேடித் தரும் கட்டடக் கலைஞர்களுக்கும், விடுதி நடத்துகிறவர்களுக்கும்,



நான் உங்களுக்கு விற்றவன். நேரில் விற்கவில்லை, நடுவில் இரண்டு மூன்று கை மாறியிருக்கும். தேவகோட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் என் ஐயாவின் அப்பச்சி கட்டிய வீட்டில் எனக்குப் பதினாறில் ஒரு பங்கு இருந்தது. வீட்டை உடைக்கக் கொடுத்துவிடுவது என்று முடிவானபோது கையெழுத்துப் போட்ட பதினாறு பேரில் நானும் ஒருவன். என் பங்குக்கு வந்த பணத்தில் மகளின் படிப்புக் கடன் அடைந்தது. அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு முழு உரிமை கிடையாது. இருக்கிற அரை உரிமையை வைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

போன வருடம் உறவுக்காரர் ஒருவரின் அறுபதாம் கல்யாணத்துக்காகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் தங்கினோம். காலையில் காபித் தம்ளரோடு தோட்டத்தில் நடந்தேன். புல்தரையின் நடுவே ஒரு நிலைக்கதவு நின்றது. இரண்டு பக்கமும் சுவர் இல்லை, மேலே கூரை இல்லை. கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக அதற்குள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலைப்பாட்டைப் பார்க்கலாமென்று பக்கத்தில் போனேன். மேலே யானைகள் நீர் ஊற்றும் கஜலட்சுமி. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டு வாசலில் அவள் இருக்கிறாள். அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. குனிந்து நிலையின் வலது காலை உட்பக்கமாகத் தடவியபோது கை அப்படியே நின்றுவிட்டது. முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே தொடங்கி இடுப்புவரை ஐந்து கீறல்கள். பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் பெரியப்பச்சி மகன் ஆணியால் கீறி என் உயரத்தைக் குறித்த கோடுகள். நான்காவது கோடு மட்டும் கோணலாகப் போயிருக்கும். அன்றைக்கு அப்பத்தா பார்த்துவிட்டு அவன் முதுகில் ஒன்று வைத்தாள், ஆணி வழுக்கிவிட்டது.

வரவேற்பறையில் இருந்த பையனிடம் கேட்டேன். “கேரளா அரண்மனைக் கதவு சார். இருநூறு வருஷத்துப் பழசு. ராஜா வீட்டுது” என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. யாரோ சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தான். நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோனது 1912-ல். ராஜா யாரும் அதில் இருந்ததில்லை. கப்பலேறிப் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன ஒரு மனிதர் வருடக்கணக்கில் மனைவி மக்களைப் பிரிந்திருந்து சேர்த்த காசில் எழுந்த வீடு அது.

திரும்பவும் தோட்டத்துக்குப் போய் அடியைப் பார்த்தேன். நிலையின் கால் இரண்டையும் சிமெண்டில் புதைத்திருந்தார்கள். புல்லுக்குத் தெளிக்கும் தண்ணீர் தினமும் அங்கேதான் விழுகிறது. நூறு வருடம் நின்ற தேக்கு, அடியில் நாலு விரற்கடை உயரத்துக்குக் கறுத்துப்போயிருந்தது. நகத்தால் அழுத்தினால் பதிந்தது.

விற்றதை நினைத்து அங்கே நான் அழவில்லை. விற்றாயிற்று. ஆனால் எங்கள் கதவுக்கு வேறு ஒரு ஊரை ஒட்டவைத்திருந்தார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். ரயிலில் முன்பின் தெரியாத ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தால் நாம் முதலில் கேட்பது “தம்பிக்கு எந்த ஊர்?” என்றுதான். மாம்பழம் என்றால் சேலமா என்கிறோம், மல்லிகை என்றால் மதுரையா என்கிறோம், பூட்டு என்றால் திண்டுக்கல்லா என்கிறோம். கத்திரிக்காய்க்குக்கூட ஊர் கேட்டுக் கூடையில் போடுகிற நாம், அவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் கதவிடம் மட்டும் அந்த ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. கேட்காதபோது விற்கிறவர் தனக்குப் பிடித்த ஊரைச் சொல்கிறார். அரண்மனை என்றால் விலை ஏறுகிறது.

நீங்கள் செய்வதை நான் தவறென்று சொல்லவரவில்லை. பழைய உத்தரங்களை அறுத்து விறகுக்குக் கொண்டுபோனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பித்தளைத் தவலையை எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் குடம் வாங்கி வந்த வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். அந்தத் தவலைகள் உருகிப் போயின. உங்களுக்கு அவற்றின்மேல் ஆசை வந்த பிறகுதான் மிச்சமிருப்பதற்கு மதிப்பு வந்தது. தூணைப் பாதியாக அறுத்து மேசைக் காலாக்கினாலும் அது எரிந்துபோவதைவிட மேல் என்று வாதாடலாம். நானே பல நாள் அப்படி வாதாடியிருக்கிறேன். ஆனால் அந்த வாதம் கீழே விழுந்துகிடக்கும் தூணுக்குத்தான் பொருந்தும். நின்றுகொண்டிருக்கும் தூணுக்குப் பொருந்தாது.

ஒரு வளவு வீடு எப்படி விழுகிறது என்று சொல்கிறேன். நான் உள்ளே இருந்து பார்த்தவன். முகப்பு, நடுமுற்றத்தோடு கூடிய வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் வாசலும் மறுதெருவில் கொல்லையுமாக நீண்டு கிடக்கும் வீடு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி ஒரு அறை. மூன்று தலைமுறை போனால் பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் எங்கே என்று மற்றவர்களுக்கே தெரியாது. மழைக்கு முன்னால் ஓடு பார்த்து மாற்ற வேண்டும். ஒரு வருடம் விட்டால் ஒழுகும், இரண்டு வருடம் விட்டால் உத்தரம் நனையும். செலவைப் பகிர்வதில் மனத்தாங்கல் வரும். அப்படியும் வீடு சட்டென்று விழுந்துவிடாது. பூட்டிக் கிடந்தபடியே பல வருடம் நிற்கும். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் எல்லோரும் வந்து கதவைத் திறப்போம்.

அந்த நேரத்தில்தான் எங்கோ ஒரு பெருநகரத்திலிருந்து ஒருவருக்குப் போன் வருகிறது. “ஆறு தூண் வேணும். ஒரே உயரம், ஒரே வேலைப்பாடு. ரெண்டு மாசத்துல.” அன்பர்களே, ஒரே உயரத்தில் ஒரே வேலைப்பாட்டில் ஆறு தூண்கள் பெரும்பாலும் கிடங்கில் கிடப்பதில்லை. எங்கேயாவது ஒரு வளவில் உத்தரத்தைத் தாங்கி நின்றுகொண்டிருக்கின்றன. போனை எடுத்த தரகர் ஊருக்கு வருகிறார். பங்காளிகளில் யாருக்குக் கடன், யாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று விசாரிக்கிறார். “இந்த விலை இனிமே வராதுண்ணே” என்கிறார். எங்களுக்கு வந்ததும் இப்படித்தான். முழு வீட்டை வீடாகவே வாங்க ஆள் இல்லை. துண்டுதுண்டாக வாங்க நாலு பேர் இருந்தார்கள். தூண் ஒருவருக்கு, நிலை ஒருவருக்கு, ஆத்தங்குடித் தரைக்கல் ஒருவருக்கு, பெல்ஜியம் கண்ணாடி ஒருவருக்கு.

பெயர்த்து எடுக்க முடியாததும் ஒன்று இருந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்து, மேல்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவும் கலந்து தேய்த்த சுவர். கன்னத்தை வைத்தால் வெயில் காலத்திலும் குளிரும். கடப்பாரை போட்ட மூன்றாம் நாள் அது தூசியாகி லாரியில் ஏறியது. ஆறு தூண் காப்பாற்றப்பட்டது என்று நீங்கள் நினைக்கும் இடத்தில், அதைச் சுற்றி இருந்த அத்தனையும் அந்த ஆறு தூணுக்காகப் போயிருக்கலாம்.

இனி அப்படி ஒரு வீட்டைக் கட்டவும் முடியாது. தூணுக்கும் நிலைக்கும் போட்ட மரம் பர்மாவிலிருந்து வந்தது. 1942-ல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததும் எங்கள் ஆட்கள் கடையையும் கணக்கையும் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பிறகு அந்த அளவில் ஒரு வீடு எழவில்லை. எங்கள் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகளை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இந்தியா 2014-ல் சேர்த்தது. தனியாக ஒரு மாளிகையை அப்படிச் சேர்க்கவில்லை; தெருவும் ஊருணியும் கோயிலும் வரிசை வீடுகளுமாக ஊரையே சேர்த்தது. வரிசையில் ஒரு வீடு போனால் பல்போன வாய் மாதிரித் தெரு நிற்கிறது.

இனி பாத்திரத்துக்கு வருகிறேன். உங்களில் பலருடைய வீட்டு வாசலில் ஒரு பித்தளை அண்டா இருக்கும், அதில் நீர் நிரப்பிப் பூ மிதக்கவிட்டிருப்பீர்கள். நல்லது. அதன் விளிம்புக்குக் கீழே ஒருமுறை விரலை ஓட்டிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக உளியால் கொத்திய எழுத்து தட்டுப்படும். இரண்டு மூன்று எழுத்து விலாசமும் ஒரு பேரும், சில பாத்திரத்தில் ஊரும். ஏன் பேர் வெட்டினார்கள் தெரியுமா? ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குத் தெருவே பாத்திரம் கொடுக்கும். பத்து வீட்டு அண்டா ஒரே கோட்டையடுப்பில் ஏறும். பந்தி முடிந்து கழுவிக் கவிழ்த்த பிறகு எந்தப் பாத்திரம் எந்த வீடு என்று தெரிய வேண்டும். பாத்திரம் வீடு திரும்புவதற்காக வெட்டிய பேர் அது. மகளுக்குச் சீர் கொடுத்தால் அதிலும் பேர் வெட்டித்தான் கொடுத்தார்கள்.

இப்போது பழைய சாமான் விற்கும் சில இடங்களில் அந்த எழுத்தைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்து எடுத்துவிட்டு மெருகேற்றுகிறார்கள். வாங்குகிறவர்கள் ‘யாரோ பேர் இருக்கிறதே’ என்று தயங்குகிறார்களாம். தயங்காதீர்கள். ஒரு பெண் புகுந்த வீட்டுக்குப் போனபோது கூடப் போன பேர் அது.

நிற்கும் வீட்டைத் தொடாமல், இடிந்ததையும் உடைந்ததையும் மட்டும் கொண்டு தோட்டம் அமைக்க முடியாது என்று சொல்வீர்களானால், சண்டிகரில் நேக் சந்த் செய்ததைப் பாருங்கள். அவர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். அந்தப் புதிய நகரத்துக்காகக் காலிசெய்யப்பட்ட கிராமங்களின் இடிபாடுகளிலிருந்து உடைந்த வளையல், பீங்கான், ஓடு, கல் எல்லாவற்றையும் சைக்கிளில் பொறுக்கிக் கொண்டுபோய், பல வருடங்கள் யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் ஒரு தோட்டம் செய்தார். 1976-ல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அவர் எந்த வீட்டையும் உடைக்கச் சொல்லவில்லை, உடைந்ததைப் பொறுக்கினார்.

வீட்டையே இடம் மாற்றியதற்கும் நம்மிடம் முன்மாதிரி இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீடு நிற்கிறது. அழியவிருந்த பழைய வீடுகளை வாங்கி, பிரித்து, கொண்டுவந்து, கைத்தொழில் தெரிந்தவர்களை வைத்துத் திரும்ப எழுப்பினார்கள். அங்கே போனால் எந்தப் பகுதி வீடு, எப்படிப்பட்டவர்கள் வாழ்ந்தது என்று தெரிந்துகொண்டுதான் வெளியே வருவீர்கள். எங்கள் கதவு நிற்கும் விடுதியும் அதே சாலையில்தான் இருக்கிறது. ஒரே சாலையில் ஒரு வீடு தன் ஊர்ப் பேரோடும் ஒரு கதவு பொய்ப் பேரோடும் நிற்கின்றன.

இவ்வளவும் சொன்னது சில வேண்டுகோள்களுக்காக.

வாங்கும்போது ஊரைக் கேளுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன; நிதானமாக உட்கார்ந்து கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். எந்த ஊர், எந்த வீடு, எப்போது பிரித்தது என்று கேளுங்கள். தெரிந்ததை ரசீதில் எழுதி வாங்குங்கள். தெரியவில்லை என்றால் ‘தெரியவில்லை’ என்றே எழுதச் சொல்லுங்கள். பொய்யான அரண்மனையைவிட அது மேல்.

அளவு கொடுத்து வரவழைக்காதீர்கள். உங்கள் வரைபடத்துக்கு ஏற்றபடி தூண் தேடாதீர்கள். ஏற்கெனவே கிடங்கில் படுத்துக் கிடக்கும் தூணுக்கு ஏற்றபடி வரைபடத்தை மாற்றச் சொல்லுங்கள். ஜோடி சேராத தூண், ஒற்றைக் கதவு, பாதி உடைந்த போதிகை, நாலைந்து தரைக்கல் என்று யாரும் சீந்தாத பொருள்தான் அங்கே அதிகம். கட்டடக் கலைஞர்களே, இந்த இடத்தில் உங்கள் பேச்சுக்குத்தான் மதிப்பு. ஆறும் ஒரே மாதிரி இல்லாவிட்டால்தான் அழகு என்று நீங்கள் சொன்னால் வீட்டுக்காரர் கேட்பார்.

கோயில் சாமான் என்று யாராவது காதோரம் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வாகனம், விளக்கு, சிலை எதுவானாலும் அது விற்கிறவருடையதாக இருக்க வழியில்லை. நூறு வருடம் கடந்த பழம்பொருளுக்கு 1972-ல் வந்த தொல்பொருள் சட்டம் இருக்கிறது. கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருளும் அதன் வரையறைக்குள் வரும். அப்படிப்பட்டதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் இருக்கும் தங்கைக்கு ஒரு பழைய நிலை அனுப்பலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாங்கிய பொருள் பிழைத்திருக்கும்படி வையுங்கள். மரத்தை மண்ணிலோ சிமெண்டிலோ புதைக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு தூணும் தரையைத் தொட்டு நின்றதில்லை. கல் பாதத்தில் நின்றது. நீங்களும் ஒரு கருங்கல்லை அடியில் கொடுத்து, மேலே இரண்டடி ஓட்டுச் சாய்ப்பாவது இறக்குங்கள். பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்த்து எடுக்காதீர்கள்; அந்தக் காலத்துப் பெயிண்டில் காரீயம் இருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆகாது. அண்டாவில் செடி வைக்க வேண்டுமென்றால் அடியில் ஓட்டை போடாமல் உள்ளே ஒரு மண்தொட்டியை இறக்குங்கள். நாளைக்கு யாராவது வெள்ளீயம் பூசித் திரும்ப அடுப்பில் ஏற்றலாம். ஆட்டுக்கல் குழியிலும் உருளியிலும் பூ மிதக்கவிடுகிறவர்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவி நீர் மாற்றுங்கள். டெங்குக் கொசுவுக்கு அந்தத் தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். அறுப்பதையும் துளைப்பதையும் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மாட்டியதைத் திரும்பக் கழற்ற முடியும்படி மாட்டுங்கள். உங்களுக்குப் பிறகும் அது ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கலாம்.

முடிந்தால் அதற்கு ஒரு வேலை கொடுங்கள். குடுமியில் சுழலும் கதவைச் சுவரில் படம்போல அறைந்து வைப்பதைவிட, ஒரு சின்ன அறைக்காவது கதவாகப் போடுங்கள். ஊரில் இன்னும் பழைய தச்சர்கள் இருக்கிறார்கள். அந்தக் குடுமிக்குக் கல்லில் எவ்வளவு ஆழம் குழி எடுக்க வேண்டும், எந்த எண்ணெய் விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களை அழைத்துக் கூலி கொடுத்துப் பொருத்தச் சொல்லுங்கள். கதவு திறக்கும்போது ஒரு முனகல் கேட்கும். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பத்தாவுக்கு அந்தச் சத்தத்தில்தான் தெரியும்.

கடைசியாக, எங்கள் நிலையை வைத்திருக்கிறவருக்கு. உங்கள் பேரையோ விடுதியின் பேரையோ நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. கதவைத் திரும்பக் கேட்கவும் இல்லை. விற்ற பொருளுக்குச் சொந்தம் கொண்டாடக் கூடாது என்பது நாங்கள் படித்த முதல் பாடம். இரண்டே காரியம் செய்யுங்கள். சிமெண்டை உடைத்து நிலையைக் கல்லின்மேல் ஏற்றுங்கள். இந்த மழைக்கு முன்னால் செய்தால் பிழைத்துக்கொள்ளும். பிறகு பக்கத்தில் ஒரு சின்னப் பலகையில் ‘தேவகோட்டைப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடு, 1912’ என்று எழுதி வையுங்கள். எங்கள் பேர் வேண்டாம்.

அங்கே படம் எடுக்க வரும் குழந்தை ஏதாவது ஒன்று வலது காலில் இருக்கும் கோடுகளைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்கும். சொல்லுங்கள். கேட்ட குழந்தை உங்கள் வீட்டுக் குழந்தையாக இருந்தால் அதை அங்கேயே நிமிர்ந்து நிற்கச் சொல்லி, ஒரு ஆணி எடுத்து, ஆறாவது கோட்டைக் கீறிவிடுங்கள். முதுகில் யாரும் அடிக்க மாட்டார்கள், நேராகவே வரும்.

அன்புடன்,
பதினாறில் ஒரு பங்கு